தொட்டியில் மிஞ்சிய எண்ணெய் யாருடையது?



அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் கூறி ஆரம்பிக்கிறேன்.

அன்பிற்குரிய சகோதர சகோதரிகளே! இன்று நாம் பார்க்கப்போவது மிகச் சிறிய விஷயம்போலத் தோன்றும். வாடகை வீட்டைக் காலி செய்து போகிறவர், வீட்டைச் சூடாக்குவதற்காகத் தம் பணத்தில் வாங்கிய எண்ணெயில் ஒரு பகுதியைத் தொட்டியிலேயே விட்டுவிட்டுப் போக நேர்கிறது. அதன் விலையை அவர் கேட்கலாமா? கேட்டால் எவ்வளவு கேட்கலாம்? யாரிடம் கேட்க வேண்டும்? கேட்காமல் விட்டால் அது தர்மமாகுமா?

சிறிய விஷயங்களில்தான் ஹக்குகள் அதிகமாகக் கைமாறிப்போகின்றன. பெரிய தொகைக்குப் பத்திரம் எழுதுகிறோம், சாட்சி வைக்கிறோம். சிறிய தொகை என்றால், "போனால் போகட்டும்" என்று ஒருவர் நினைக்கிறார். "கேட்கவில்லையே, எனக்குத்தான்" என்று இன்னொருவர் எடுத்துக்கொள்கிறார். இந்த இரண்டு நினைப்புக்கும் நடுவில் ஒரு மனிதரின் உரிமை காணாமல் போகிறது.

விஷயம் என்ன?

இந்தக் கேள்வி அடிக்கடி எழும் இடங்களில் ஒன்று வட அயர்லாந்து. அங்கே பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் எண்ணெயால்தான் சூடாகின்றன. வீட்டின் பின்புறம் ஒரு பிளாஸ்டிக் அல்லது இரும்புத் தொட்டி இருக்கும். ஆயிரம் லிட்டர் அளவுள்ள தொட்டிகள் சாதாரணம். அதில் மண்ணெண்ணெயை நிரப்பி வைப்பார்கள். அது குழாய் வழியாகப் பாய்லருக்குப் போய் எரிந்து, சுவரோரம் இருக்கும் ரேடியேட்டர்களுக்கு வெந்நீரை அனுப்பும்.

மின்சாரத்துக்கும் குழாய் எரிவாயுவுக்கும் மீட்டர் இருக்கிறது. வீட்டை விட்டுப் போகும் நாளில் மீட்டரைப் படித்தால் கணக்கு முடிந்தது. எரித்ததற்கு மட்டும் பணம் கட்டினால் போதும். எண்ணெய் அப்படியில்லை. டேங்கர் லாரி வந்து 500 லிட்டரோ 900 லிட்டரோ ஊற்றிவிட்டுப் போகும், பணத்தை அப்போதே கொடுத்துவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு வாங்கியவருக்கு இரண்டாம் மாதமே வேறு ஊரில் வேலை கிடைக்கலாம். பெட்டியைக் கட்டலாம், கட்டிலைக் கழற்றிக்கொண்டு போகலாம். தொட்டியில் கிடக்கும் எண்ணெயை எப்படிக் கொண்டுபோவது? பம்பு வைத்து உறிஞ்சி எடுக்கத் தகுந்த ஆளும் பாத்திரமும் வேண்டும். அதற்கு ஆகும் செலவு எண்ணெயின் விலையில் பெரும்பகுதியைத் தின்றுவிடலாம். சிந்தினால் மண்ணும் நீரும் கெடும்.

ஆகவே எண்ணெய் அங்கேயே இருக்கிறது. அதன் சொந்தக்காரர் போய்விடுகிறார். பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

விட்டுப் போனதால் உரிமை போய்விடுமா?

வாடகைக்கு இருப்பவர் தம் பணத்தில் வாங்கியது அவருடைய பொருள். தொட்டி வீட்டுக்காரருடையது. தொட்டிக்குள் இருப்பது அவருடையதாகிவிடாது. அடுத்தவர் வீட்டு அலமாரியில் உங்கள் துணியை வைத்ததால் துணி அவருடையதாகிவிடுமா? எடுத்துப்போக வசதியில்லை என்பது ஒரு பொருளின் மீதுள்ள உரிமையை ரத்து செய்வதில்லை. சொந்தக்காரர் விற்க வேண்டும், அல்லது மனமுவந்து கொடுக்க வேண்டும், அல்லது ஆரம்பத்திலேயே செய்த ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லியிருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் எடுத்துக்கொண்டால் அது பிறர் பொருள்தான்.

ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம் என்பதைக் கவனியுங்கள். "வரும்போது தொட்டி நிறைய இருந்தது, போகும்போதும் நிறைத்துவிட்டுப் போக வேண்டும்" என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். அப்படிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த எண்ணெயின் விலையை நீங்கள் கேட்க முடியாது. வாக்கை நிறைவேற்றுவதும் மார்க்கக் கடமைதான். எனவே கேட்பதற்கு முன் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வட அயர்லாந்தில் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, வாடகை தொடங்கிய 28 நாட்களுக்குள் வீட்டுக்காரர் வாடகையின் விவரங்களை எழுத்தில் தர வேண்டும். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அடுத்த கேள்வியை நீங்கள் உங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். நீங்கள் குடிவந்த நாளில் தொட்டியில் எவ்வளவு இருந்தது? முன்பு இருந்தவர் விட்டுப்போன எண்ணெயை எரித்துத்தான் முதல் இரண்டு வாரம் குளிர் காய்ந்தீர்களா? அதற்கு யாருக்காவது பணம் கொடுத்தீர்களா?

ஓர் உதாரணம். நீங்கள் வந்தபோது 150 லிட்டர் இருந்தது, போகும்போது 400 லிட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வந்தபோது இருந்ததை யாரும் உங்களுக்கு அன்பளிப்பாகத் தரவில்லை, நீங்கள் விலைக்கு வாங்கவும் இல்லை என்றால், உங்கள் ஹக்கு 250 லிட்டர். 400 என்று கேட்டால் 150 லிட்டருக்கு அடுத்தவர் பணத்தை வாங்குகிறீர்கள். வரும்போது இருந்ததை மறப்பதும், போகும்போது இருப்பதைத் துல்லியமாக நினைவில் வைப்பதும் மனித மனதுக்கு மிக எளிது. குர்ஆனின் 83ஆவது அத்தியாயம், அல்முதஃப்பிஃபீன், இந்தக் குணத்தைத்தான் கண்டிக்கிறது. தனக்கு வாங்கும்போது ஓர் அளவு, பிறருக்குக் கொடுக்கும்போது வேறோர் அளவு வைப்பவர்களைப் பற்றித்தான் அந்த அத்தியாயம் தொடங்குகிறது. அது தராசு பிடிக்கும் வியாபாரிக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணெய்த் தொட்டியின் முன் நிற்கும் நமக்கும்தான்.

கண்ணால் பார்த்துச் சொல்வது அளவாகுமா?

இஸ்லாமிய வணிகச் சட்டத்தில் "கரர்" என்று ஒரு சொல் உண்டு. இன்னது, இவ்வளவு என்று தெளிவில்லாமல், ஒருவர் ஏமாறும் வாய்ப்போடு நடக்கும் வியாபாரத்தை அது குறிக்கும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அத்தகைய வியாபாரத்தைத் தடுத்தார்கள். மூடிய தொட்டிக்குள் கிடக்கும் எண்ணெயைக் "கிட்டத்தட்ட பாதி இருக்கும்" என்று சொல்லி விற்பது அந்த ஆபத்துக்கு மிக அருகில் இருக்கிறது.

ஏன் என்று பாருங்கள். படுக்கைவாக்கில் வைத்த உருளை வடிவத் தொட்டி ஒன்று இருக்கிறது, கொள்ளளவு ஆயிரம் லிட்டர். மேலிருந்து குச்சியை விட்டுப் பார்க்கிறீர்கள். உயரத்தில் கால் பங்கு நனைந்திருக்கிறது. "கால் தொட்டி, 250 லிட்டர்" என்று சொல்லத் தோன்றும். உண்மையில் அங்கே இருப்பது சுமார் 195 லிட்டர்தான். உருளையின் அடிப்பகுதி குறுகலாக இருப்பதால், உயரத்தில் கால் பங்கு என்பது கொள்ளளவில் கால் பங்கு ஆகாது. 55 லிட்டருக்கு இல்லாத எண்ணெயை விற்றுவிட்டீர்கள். அதே தொட்டியில் முக்கால் உயரம் நனைந்திருந்தால் இருப்பது சுமார் 805 லிட்டர். "750" என்று சொன்னால் நஷ்டம் உங்களுக்கு. ஒரே ஊகம் ஒரு நாள் ஒருவருக்கும் இன்னொரு நாள் மற்றவருக்கும் அநியாயம் செய்கிறது.

தொட்டியின் அடியில் வண்டலும் தண்ணீரும் சேர்ந்திருக்கும். பாய்லருக்குப் போகும் குழாய் பொதுவாக அடிமட்டத்துக்குச் சற்று மேலேதான் பொருத்தப்பட்டிருக்கும். எனவே கடைசியில் கொஞ்சம் எண்ணெய் எவருக்கும் பயன்படாமல் தங்கிவிடும். அதையும் சேர்த்து விலை சொல்வது சரியா என்று யோசிக்க வேண்டும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? தொட்டியின் அளவையும் வடிவத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தொட்டிக்கான அளவு அட்டவணை கிடைத்தால் அதைப் பாருங்கள். சாவியைக் கொடுக்கும் நாளில், வீட்டுக்காரரோ அவருடைய ஏஜென்டோ கூட இருக்கும்போது அளந்து, இருவரும் பார்த்து, தேதியோடு படம் எடுத்து, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். குடிவரும் நாளிலும் இதையே செய்யுங்கள். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். அது தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்வதைப் பற்றியது. எழுதச் சொல்வது சந்தேகத்தால் அல்ல. பின்னால் சந்தேகம் வராமல் இருப்பதற்காகத்தான்.

எந்த நாளின் விலை?

அளவு முடிந்தது. இனி விலை. இதில்தான் மனம் அதிகம் சறுக்கும். எண்ணெயின் விலை நிலையானதல்ல. வட அயர்லாந்தில் 2020இல் 500 லிட்டர் 200 பவுண்டுக்கும் குறைவாகக் கிடைத்த காலம் இருந்தது. உக்ரைன் போர் தொடங்கிய பிறகு, 2022 மார்ச்சில் அதே 500 லிட்டர் 600 பவுண்டைத் தாண்டியது. இரண்டு ஆண்டுக்குள் மூன்று மடங்கு.

விலை உச்சத்தில் இருந்தபோது வாங்கியவர், "நான் கொடுத்ததைத் தாருங்கள்" என்பார். மலிவாக வாங்கியவர், "இன்றைய விலையைத் தாருங்கள்" என்பார். யாருக்கு எது லாபமோ அதுவே அவருக்கு நியாயமாகத் தெரிகிறது. ஒரு மனிதர் ஒரு கொள்கையைப் பிடிக்கிறாரா, தன் லாபத்தைப் பிடிக்கிறாரா என்பது விலை எதிர்ப்பக்கம் திரும்பும்போதுதான் தெரியும்.

ஃபிக்ஹு அறிஞர்கள் பொருட்களை இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். ஒன்றுக்கொன்று பதிலாக நிற்கக்கூடியவை ஒரு வகை. கோதுமை, பேரீச்சை, எண்ணெய் போன்றவை இதில் சேரும். இவற்றை "மித்லி" என்பார்கள். தனித்தனி மதிப்புள்ள பொருட்கள் இன்னொரு வகை. மித்லியான பொருளை ஒருவர் அனுமதியின்றி எடுத்துப் பயன்படுத்திவிட்டால், அதே தரத்தில் அதே அளவைத் திருப்பித் தர வேண்டும் என்பதே அடிப்படை. லிட்டருக்கு லிட்டர். இதை வைத்துப் பார்த்தால் நியாயமான வழி தெளிவாகிறது. ஒப்படைக்கும் நாளில் அந்த ஊரில் அந்த அளவு எண்ணெயை வாங்க என்ன விலையோ, அதை அடிப்படையாக வைத்துப் பேசலாம். நீங்கள் அன்று கூடுதலாகக் கொடுத்திருந்தால் அந்த நஷ்டம் உங்களுடையது. குறைவாகக் கொடுத்திருந்தால் அந்த லாபமும் உங்களுடையது. இருவரும் மனமொப்பி வேறு விலை பேசிக்கொண்டால் அதுவும் சரியே. இப்படி ஒப்படைப்பது ஒரு விற்பனை. விற்பனைக்கு இரு தரப்பின் சம்மதம் வேண்டும்.

அவர் வாங்க மறுத்தால்?

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்ல வேண்டும். எண்ணெய் உங்களுடையது என்பதால், அதை வாங்கியே ஆக வேண்டும் என்று வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்தும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. உங்களுக்கு இருப்பது எண்ணெயின் மீதான உரிமை. அவருடைய பணப்பையின் மீது உரிமை இல்லை. "எனக்கு வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள்" என்று அவர் சொன்னால் அது மார்க்கத்தில் குற்றமல்ல. ஆனால் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, நீங்கள் போனபின் அதை எரித்தாலோ, "தொட்டியில் எண்ணெய் இருக்கிறது" என்று சொல்லி அடுத்தவரிடம் காசு வாங்கினாலோ கணக்கு மாறிவிடுகிறது. வேண்டாம் என்றவர் தொடக் கூடாது. தொட்டவர் விலை தர வேண்டும்.

மறுக்கப்பட்டவருக்கு இரண்டு சோதனைகள் வரும்.

முதலாவது, "கடைசி மாத வாடகையில் பிடித்துக்கொள்கிறேன்" என்ற எண்ணம். தனக்கு வர வேண்டியதை, தர மறுப்பவரின் பொருளிலிருந்து தானே எடுத்துக்கொள்ளலாமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அந்த விவாதம் உறுதியான கடனைப் பற்றியது. அவர் வாங்கச் சம்மதிக்காத எண்ணெய்க்கு அவர் இன்னும் கடனாளியே ஆகவில்லை. வாடகையோ நீங்கள் வாக்குக் கொடுத்த கடன். அதை நிறுத்தினால் சட்டத்தின் பார்வையிலும் நீங்கள்தான் பாக்கி வைத்தவர்.

இரண்டாவது, "எனக்குக் கிடைக்காதது யாருக்கும் கிடைக்கக் கூடாது" என்ற எண்ணம். ஜன்னல்களைத் திறந்து வைத்து, பாய்லரை இரவு பகலாக ஓடவிட்டுத் தொட்டியைக் காலி செய்வது. இது இஸ்ராஃப், வீண்விரயம். அது மட்டுமல்ல. தொட்டி வற்றி எண்ணெய் தீர்ந்தால் அடியிலுள்ள வண்டல் குழாய்க்குள் ஏறும், காற்றும் புகும். மறுபடி எண்ணெய் ஊற்றினாலும் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும்வரை பாய்லர் எரியாமல் போகலாம். அந்தக் குளிர் உங்களோடு தகராறு செய்தவரைத் தொடாது. அவர் தம் வீட்டில் சூடாக இருப்பார். ஜனவரி மாத இரவில் கைக்குழந்தையோடு அந்த வீட்டுக்குக் குடிவரும் முகம் தெரியாத ஒரு குடும்பத்தைத்தான் அது தொடும்.

எனவே முதலில் நல்ல முறையில் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். வீட்டைக் காலி செய்யப்போவதாகச் சொல்லும் கடிதத்திலேயே எண்ணெய் பற்றியும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். காலி செய்யும் தேதி தெரிந்தபின் தொட்டியை நிரப்பாதீர்கள், தேவைக்குக் கொஞ்சமாக வாங்குங்கள். வீட்டுக்காரர் மறுத்தால், அடுத்து வருபவரிடம் நேரடியாகப் பேச முடியுமா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் மூவருக்கும் நல்ல வழி. இவற்றுக்குப் பிறகும் அவர் உங்கள் பொருளைப் பயன்படுத்திக்கொண்டு விலை தர மறுத்தால், நீதிமன்றத்தை நாடுவது உங்கள் உரிமை. ஹக்கைக் கேட்பது கஞ்சத்தனம் அல்ல.

மூன்றாவது மனிதர்

இந்தக் கணக்கில் நாம் மறந்துவிடும் ஒருவர் இருக்கிறார். அவர்தான் அடுத்து குடிவருபவர். போகிறவரும் வீட்டுக்காரரும் பேசிக்கொள்கிறார்கள், அவர் அங்கே இல்லை. ஆனால் கடைசியில் பணம் கொடுப்பவர் பல நேரங்களில் அவர்தான். "தொட்டியில் இருப்பதற்கு இவ்வளவு" என்றால் அவர் நம்பிக் கொடுத்துவிடுவார், அளந்து பார்க்க அவருக்குத் தெரியாது. அவர் கொடுத்தது போனவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதும் அவருக்குத் தெரியாது.

வட அயர்லாந்தில் 20 லிட்டர் கேன்களில் எண்ணெய் விற்பார்கள். ஒரே தடவையில் நூற்றுக்கணக்கான லிட்டர் வாங்கப் பணமில்லாதவர்கள், லிட்டருக்குக் கூடுதல் விலை கொடுத்து அதை வாங்கி, தாங்களே தொட்டியில் ஊற்றுவார்கள். வாரம் ஐந்து பவுண்டு என்று சேமிப்பு முத்திரை வாங்கி ஒட்டி, குளிர்காலத்தில் எண்ணெய்க்குக் கட்டுகிறவர்களும் உண்டு. அப்படிச் சேர்த்த பணத்தில் யாரோ ஒருவர், தொட்டியில் இல்லாத 55 லிட்டருக்கு விலை கொடுத்தால் அது சிறிய தொகையா?

மறுமையில் திவாலாகி நிற்பவரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் கேட்டிருக்கிறோம். மலையளவு தொழுகையோடும் நோன்போடும் வந்தும், பிறர் ஹக்கைத் தின்றதால் எல்லாவற்றையும் இழந்து நிற்பவர் அவர். அங்கே ஹக்குக் கேட்டு வருபவர் நமக்குத் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

விட்டுக்கொடுப்பது எப்போது தர்மம்?

"மௌலானா, ஐம்பது பவுண்டுக்கு இவ்வளவு பேச்சா? விட்டுவிட்டுப் போகக் கூடாதா?" என்று கேட்பீர்கள். தாராளமாக விட்டுவிடலாம். அதுவும் அழகான செயல். ஆனால் விட்டுக்கொடுப்பதற்கும் கைநழுவ விடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. என்ன உங்களுடையது என்று தெரிந்து, யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து, வாய்திறந்து சொல்லிக் கொடுத்தால் அது அன்பளிப்பு. கேட்கக் கூச்சப்பட்டு மௌனமாகப் போய்விட்டு, வருடக்கணக்கில் அந்த வீட்டுக்காரரைப் பற்றி மனதில் கசப்பை வைத்திருந்தால் அதில் தர்மம் எங்கே இருக்கிறது? எண்ணெயும் போயிற்று, நன்மையும் கிடைக்கவில்லை. அவருக்கோ, தாம் ஒருவர் மனதைப் புண்படுத்தியதே தெரியாது.

கொடுக்க நினைத்தால் இப்படி ஒரு சீட்டு எழுதி வையுங்கள்: "தொட்டியில் சுமார் 100 லிட்டர் இருக்கிறது. இது அடுத்து வருபவருக்கு எங்கள் அன்பளிப்பு. இதற்கு அவரிடம் பணம் வாங்க வேண்டாம்." வீட்டுக்காரரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள். இப்போது உங்கள் தர்மம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் செல்லும். சொன்னபின் மனம் மாறித் திரும்பக் கேட்காதீர்கள். கொடுத்த அன்பளிப்பைத் திரும்பப் பெறுவதை நபி (ஸல்) அவர்கள் மிகக் கடுமையாக வெறுத்தார்கள்.

வீடுகளை வாடகைக்கு விடும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. போகிறவர் கேட்காமல் இருப்பது அவருடைய சம்மதம் ஆகாது. அவருக்கு மொழி தெரியாமல் இருக்கலாம். டெபாசிட் திரும்பக் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்திருக்கலாம். அந்தப் பயத்தில் பிறக்கும் மௌனத்தின் மீது உங்கள் லாபத்தைக் கட்டாதீர்கள். "தொட்டியில் இருப்பதை அளப்போமா?" என்று நீங்களே முதலில் கேளுங்கள். கேட்கப்படாத ஹக்கைத் தேடிக் கொடுப்பவரின் செல்வத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வான் என்று நம்புகிறோம்.

சகோதர சகோதரிகளே! உங்களில் பலருடைய வீட்டில் எண்ணெய்த் தொட்டி இருக்காது. ஆனால் ஒரு வீட்டை, ஒரு கடையை, ஒரு வேலையை விட்டுப் போகும் நாள் எல்லோருக்கும் வரும். அந்த நாளில் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். வந்தபோது என்ன இருந்தது? போகும்போது என்ன இருக்கிறது? எனக்குப் பின்னால் வருபவர் யார்? முதலிரண்டுக்கும் உண்மையான பதில் சொன்னால் உங்கள் ஹக்கு எவ்வளவு என்பது தெரிந்துவிடும். மூன்றாவதை நினைத்துப் பார்த்தால் அதில் எவ்வளவு கேட்பது, எவ்வளவு விடுவது என்பதும் தெரிந்துவிடும்.

பிறர் ஹக்கு ஒரு துளிகூட நம் கணக்கில் சேராமலும், நம் ஹக்கைக் கேட்கும்போது எல்லை மீறாமலும், விட்டுக்கொடுக்கும்போது மனக்கசப்பு இல்லாமலும் வாழும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.